சத்தியமங்கலம் சண்டையில் மாடுகளின் பக்கம்

1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்தை ஒட்டி, பவானி ஆற்றின் தென்கரையில் மைசூர்ப் படையும், கும்பினி என்று அழைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதின. அந்தச் சண்டையை மேசைமேல் பலகை விரித்து, ஈய உருவங்களை வைத்து நடத்திப் பார்க்கிறவர் ஒருவர் கோவை கணபதியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கடந்த செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பலகையோடு அவர் சத்தியமங்கலம் புறப்பட்டபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

முருகேசனுக்கு ஐம்பத்தெட்டு வயது. லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான்கு ஆண்டுகளாக வெள்ளீயத்தை உருக்கி, விரற்கடை உயரத்தில் 412 உருவங்களை வார்த்திருக்கிறார். எட்டடிக்கு ஐந்தடிப் பலகையில் ஆறு, மேடு, கிளுவை முள்வேலி எல்லாம் உண்டு. இரு பக்கத்தாரும் முறை மாற்றிப் படையை ஸ்கேலால் அளந்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். விழுந்த உருவத்தை எடுத்துவிடுவதில்லை. விழுந்த இடத்திலேயே படுக்க வைக்கிறார்கள்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. உண்மைச் சண்டையில் இழுவை மாடுகள் பல குண்டுபட்டுச் செத்ததால் கும்பினிப் படை பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. இவர் பலகையிலோ, பதினொரு முறை ஆடியும் ஒன்பது பீரங்கிகளும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தன. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஊர்க்காரர்கள் முன்னால் ஆடிக்காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். காலை ஒத்திகையும் பொய்த்தால் திரும்பிவிடுவது என்று முடிவு.

"தப்பாக் காட்டுனா, செத்தவங்களையே பொய்யாக்குனாப்ல ஆயிருமுங்க" என்றார்.

காலை 6.10க்குக் கணபதியிலிருந்து குட்டி யானை வண்டியில் கிளம்பினோம். போகவர வாடகை 2,800 ரூபாய். பலகை நான்கு துண்டாகப் பின்னால் நின்றது. மைசூருக்குப் பச்சைப் பெட்டி, கும்பினிக்குச் சிவப்புப் பெட்டி. இரண்டும் எங்கள் காலடியில்.

"ஏனுங்ணா, நானூறு பேர ஏத்திப்போட்டு ஓவர்லோடுன்னு புடிச்சா ஆருங்க பைன் கட்டறது?" என்று கேட்டார் ஓட்டுநர். முருகேசன் சிரிக்கவில்லை.

அன்னூர் தாண்டி, புளியம்பட்டியில் 7.25க்கு டீ. ஒன்று பதினைந்து ரூபாய். சாலை நன்றாக இருக்கிறது. தென்கரையில் பழனியம்மாள் வீட்டு முற்றத்தை அடைந்தபோது மணி 8.20, மீட்டரில் 67 கிலோமீட்டர். பழனியம்மாள் முருகேசனுக்குத் தூரத்துச் சொந்தம், அக்கா முறை. கரும்பு வண்டிக்கு இரண்டு ஜோடி காளை வைத்து ஓட்டுகிறவர். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துத் தகரச் சாய்ப்பில் பலகையின் நான்கு துண்டுகளையும் இணைத்துப் பூட்டினோம்.

ஒன்பதரைக்கு ஒத்திகை. நான் மைசூர், முருகேசன் கும்பினி. என் குதிரைகள் முள்வேலியில் மாட்டிக்கொண்டு செத்தன. அதுவரை சரி. பிறகு என் பீரங்கிகள் முழங்கின, அவருடைய ஆட்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள், பின்வாங்கும் கட்டம் வந்தது. ஒன்பது பீரங்கிகளும் முறைக்கு நாலு அங்குலம் வீதம் நகர்ந்து பலகையை விட்டு வெளியேறின. பன்னிரண்டாவது ஆட்டமும் பொய்த்தது.

முருகேசன் உருவங்களைத் திரும்ப அடுக்கச் சிவப்புப் பெட்டியைத் திறந்தார்.

மோர் கொண்டுவந்த பழனியம்மாள் ஒரு பீரங்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பீரங்கி, அதை இழுக்கும் இரண்டு மாடு, ஓட்டுகிறவர், எல்லாம் ஒரே தகட்டில் ஒன்றாக வார்த்தவை.

"இதுல மாட்ட எப்படிங்க அவுக்கறது?"

"அவுக்க முடியாதுங்க்கா. பீரங்கியும் மாடும் ஒரே கணக்கு."

"அதென்ன கணக்கு? நுகத்துல பூட்டி நிக்கற மாடு வெடிச் சத்தங் கேட்டா நிக்குமா? ஒரு மாடு உழுந்தா மத்ததும் போச்சு. ஓட்டறவன் மொதல்ல பூட்டாங்கயித்தத்தான் அவுப்பான்."

"பட்டாளத்துல அப்படி அவுக்க உடமாட்டாங்க."

"அவன் பட்டாளத்துக்காரனா? கூலிக்கு வந்தவன். மாடு ஆரோடது, கும்பினியோடதா?"

முருகேசன் வண்டிக்குப் போய் ஆக்சா பிளேடும் அரமும் எடுத்து வந்தார். முதல் தகட்டில் பிளேடை வைத்தார். நான்கு வருட வேலை. மாட்டு ஜோடியையும் ஓட்டியையும் பீரங்கியிலிருந்து தனித்தனியாக அறுத்தெடுத்தார். ஒன்பதையும் அறுக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று.

பின்வாங்கும் கட்டத்திலிருந்து மறுபடி ஆடினோம். மாடுகள் பழனியம்மாள் கையில். மூன்று பீரங்கிகள் வெளியேறிய பிறகு என் பகடையில் இரண்டு ஜோடி விழுந்தது. அவர் உடனே மற்றவற்றைப் பீரங்கியிலிருந்து பிரித்து, ஓட்டிகளோடு பலகை ஓரத்துக்கு நகர்த்தத் தொடங்கினார்.

"அக்கா, நீங்க கும்பினிப் பக்கமுங்க!" என்றார் முருகேசன்.

"நானு மாட்டுப் பக்கம். நீ உன்ற சண்டையப் பாரு, கண்ணு."

ஆறு பீரங்கிகள் வயலில் நின்றன. கும்பினிப் படை அவற்றை விட்டுவிட்டுப் போனது. எண்ணிக்கை அன்று நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். போன விதம் ஒத்துப்போயிற்று. முருகேசன் நாற்காலியில் உட்கார்ந்து மோரைக் குடித்தார்.

மூன்று மணி ஆட்டம் 3.20க்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்தது. நாற்பது பேர் வரை பார்த்தார்கள். கடைசியில் யாரும் கைதட்டவில்லை. பலகையில் படுத்துக் கிடந்தவர்களைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: காந்திபுரத்திலிருந்து சத்தி பேருந்துகள் அடிக்கடி உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் நாங்கள் நடந்து பார்த்த பக்கத்தில் சண்டை நடந்த இடம் என்று காட்டும் அறிவிப்புப் பலகை எதையும் நான் பார்க்கவில்லை. பழைய வரைபடத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பட்டா நிலம், கேட்டுவிட்டு இறங்குங்கள். கிளுவை முள் செருப்பைத் துளைக்கும். செப்டம்பரில் மதியத்துக்கு மேல் மழை வரலாம்.

உருவங்களை அடுக்கும்போது பழனியம்மாள் ஓட்டிகளில் ஒருவரைத் தூக்கிப் பார்த்து, "எல்லாத்துக்கும் கண்ணு மூக்கு எழுதியிருக்கற, இவங்களுக்கு ஏன் ஒண்ணுமில்ல?" என்று கேட்டார். அவர்களைப் பீரங்கியின் பாகமாகவே நினைத்துவிட்டதாக முருகேசன் சொன்னார்.

திரும்பும் வழியில் அன்னூர் அருகே அவர் சட்டைப் பையில் ஏதோ கலகலத்தது. தினசரித் தாளில் பொதிந்து ஒன்பது ஓட்டிகளையும் அதில் வைத்திருந்தார். பெட்டியில் வைக்கவில்லையா என்றேன்.

காலடியில் இருந்த பச்சைப் பெட்டியையும் சிவப்புப் பெட்டியையும் பார்த்தார்.

"எதுலீங்க வெக்கறது?"