மச்சானின் இடது காது

நானும் என் தங்கச்சியின் கணவனும் முல்லைத்தீவுக் கடலில் சிலிண்டர் பூட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்க இறங்குகிறவர்கள். ஆழம் போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பொத்தி ஊதினால் திறக்கும். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தால் லேசில் திறக்காது. இது எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்று மச்சானுக்குத் தடிமன். "இண்டைக்கு வேண்டாமடா" என்றான்.

"அப்ப குசினிக்க இருந்து மல்லித்தண்ணி குடியன்" என்று நக்கலடித்தேன். ரோசத்தில் இறங்கிவிட்டான்.

பாதி ஆழத்தில் நின்று மூக்கைப் பொத்தி ஊதி ஊதிப் பார்த்தான். காதைத் தொட்டுக் காட்டி, மேலே போவோம் என்று சைகை செய்தான். கீழே மணலில் அட்டைகள் கிடந்தன. அவன் ஏறினால் நானும் ஏறவேண்டும். அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

படகில் ஏறியபோது அவனுடைய இடது காதால் இரத்தம் வந்தது. அந்தக் காது இன்னும் கேட்பதில்லை. வீட்டில் இதைப் பற்றி அவன் மூச்சும் விடவில்லை.

நேற்றுத் தங்கச்சி என்னிடம் குறைப்பட்டாள்: "அண்ணா, இவர் நான் கூப்பிட்டாலும் கேக்காத மாதிரி இருக்கிறார். நீங்களாவது சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

அவள் உள்ளே போனதும் மச்சானின் இடப்பக்கம் போய் இருந்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளடா" என்று மெதுவாகச் சொன்னேன். அந்தக் காதுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.