எள் பொரியும் சத்தம்

கறுப்பு எள்ளை வறுக்கும்போது கண்ணை நம்பக் கூடாது. வெள்ளை எள் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு எள் கருகினாலும் அதே முகம்தான். வாணலியில் படபடவென்று வெடித்து, அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கும்போதே தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். காதுதான் கணக்கு. முப்பது வருடமாக இதில் தவறாதவள் நான். எள்ளுப்பொடி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்றால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

அவருக்கு இட்லி, தோசை மட்டுமல்ல, தயிர்சோற்றுக்கும் இந்தப் பொடிதான். "இது இருக்கையில வேற வெஞ்சனம் எதுக்கு?" என்பார். அதைக் கேட்பதற்காகவே மாதம் இருமுறை அரைப்பேன்.

போன வருடம் ஒரு நாள் பொடி கசந்தது. எள்தான் பழசு என்று முடிவு கட்டினேன். டீச்சராக இருந்தவளுக்குத் தப்பு எப்போதும் அடுத்தவருடையது. ஆட்டோ பிடித்து, எள் வாங்கிய நாகல் நகர் கடைக்குப் போய், பொடி டப்பாவைக் கடைக்காரர் முன்னால் வைத்துச் சத்தம் போட்டேன். அவர் மூட்டையிலிருந்து நாலு எள்ளை எடுத்து மென்றார். பிறகு பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எள்ளுல குத்தம் இல்ல டீச்சர். வறுக்கையில தீஞ்சிருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடையையே தலைமுழுகினேன். நத்தத்துப் பக்கம் போன தெரிந்தவரிடம் சொல்லிப் புது எள் வரவழைத்தேன். கல் மண் போக அரித்து, உலர்த்தி, பக்கத்திலேயே நின்று வறுத்தேன். அதுவும் கசந்தது. இந்தக் காலத்தில் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை என்று நான் அலுத்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் முறை வறுத்தபோது அவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார்.

"பொரிஞ்சு அடங்கிருச்சு. அணை."

"எங்க பொரிஞ்சுச்சு? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"அம்புட்டு வெடி வெடிச்சுச்சு, கேக்கலையா?"

வாணலியைப் பார்த்தேன். எள் துள்ளி அடுப்பு மேடையெல்லாம் சிதறிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணாடி போட்டபோது வராத பயம் அப்போது வந்தது. என் கைப்பக்குவம் கையில் இல்லை, காதில் இருந்திருக்கிறது. அதுவும் போனால் எனக்கென்று என்ன மிச்சம் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிய எள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

காது டாக்டர் கடலைப்பருப்பு அளவில் ஒரு மிஷின் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு முதலில் போனது நாகல் நகருக்குத்தான். அரைக் கிலோ எள் கேட்டேன். கடைக்காரர் என் காதைப் பார்த்தார். ஒரு கை எள் கூடுதலாகப் போட்டார். நல்ல மனுஷன்.

மறுநாள் காலையில் வாணலியை ஏற்றினேன். முதலில் ஒன்று வெடித்தது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாதபடி படபடவென்று. சிரிப்பு தாங்கவில்லை எனக்கு. அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல் இடிபோல் விழுந்தது.

"கேக்குதா?"

தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க இப்படிக் கத்துறீங்க? தெருவுக்கே கேக்கும்."

"ரெண்டு வருசமா இப்படித்தான பேசுறேன்" என்று அதே குரலில் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"ஒன்கிட்ட சொல்லிட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

இதை மெல்லச் சொன்னார். கல்யாணமான புதிதில் அவர் பேசிய குரல் அது. அது இன்னும் அப்படியே இருப்பது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார். வேறு என்னென்னவோவும் பேசினார். நான் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றேன்.

அன்றைய எள்ளும் தீய்ந்துபோனது. அதற்குக் காதைக் குற்றம் சொல்ல முடியாது.