பவுடர் பூசிய முகம்

எங்கள் பக்கத்து வீட்டு அமிர்தம் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிய குழந்தைகள் டவுன்ஷிப்பில் பிளாக்குக்குப் பிளாக் இருக்கிறார்கள். கணவன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்து கான்ட்ராக்ட்டாகவே செத்தான். பிறகு அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் துடைத்து, பவுடர் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துத் தொட்டிலில் விடுவாள்.

போன வருஷம் தொட்டில்களுக்கு மேலே கேமரா வைத்தார்கள். குழந்தை உடம்பில் ஒயர் ஒட்ட வேண்டாம். முகத்தின் நிறம் லேசாக மாறுவதைப் பார்த்தே அது நாடித்துடிப்பைச் சொல்லிவிடும். மாட்ட வந்தவர்கள் டாக்டர்களுக்கு இதை ஆங்கிலத்தில் விளக்கினார்கள். அந்த நேரம் அமிர்தத்தை டீ வாங்க அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்குத் தெரிந்த கேமரா போட்டோ எடுக்கும். போட்டோ என்றால் பவுடர் வேண்டாமா? முன்பைவிட அழுத்திப் பூசினாள். ஓயாமல் பார்க்கிறதே, கண்பட்டுவிடும் என்று நெற்றியிலும் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

பவுடருக்கு அடியில் தோல் தெரியாமல் மெஷின் கத்தியது. நர்ஸ் அகிலா ஓடிவந்தால் குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பல தடவை ஏமாந்தபின் ஓட்டம் நின்றது. "சும்மா கத்திகினே கெடக்குது" என்று பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிடுவாள். ஏன் கத்துகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே பிரசவமாகியிருந்த சத்யாவின் மகனுக்கு மூச்சு நின்ற மத்தியானமும் அது கத்தியது. அகிலா அமுக்கினாள். அமிர்தம் எட்டிப் பார்த்தாள். முகம் நீலம் பாய்ந்ததைப் பவுடர் மறைத்திருந்தது. தூங்குகிறான் என்று நினைத்துவிட்டாள். பால் கொடுக்க வந்து தூக்கியபோதுதான் குழந்தை சில்லிட்டிருப்பது சத்யாவுக்குத் தெரிந்தது.

பெரிய டாக்டர் அமிர்தத்தைத் தனியே கூப்பிட்டார். "நீ பூசுன பவுடர்தாம்மா எல்லாத்துக்கும் காரணம். நாளையிலேர்ந்து வராதே." சத்யாவிடம் பிறவியிலேயே இருதயக் கோளாறு என்று சொல்லி அனுப்பினார்கள். அகிலா அங்கேதான் இருக்கிறாள். கேமராவும் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து சத்யா அமிர்தத்தின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஆஸ்பத்திரியில் கெஞ்சி, கேமரா எடுத்ததிலிருந்து ஒரு படம் வாங்கியிருந்தாள். குழந்தைக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். செல்போனை நீட்டினாள்.

"எம்மாம் களையா இருக்கான் பாருங்கக்கா. எல்லாம் நீங்க போட்டு வுட்ட பவுடர்தான். இத்த பிரேம் போட்டு வூட்டுல மாட்டப் போறேன்."

அமிர்தத்துக்கு உண்மை வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் படமும் அவளுக்கு இல்லாமல் போய்விடும்.

"மாட்டும்மா," என்றாள். "நல்லா இருக்கான்."