உலக்கை தாங்கிய தட்டு

சென்ற வாரம் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் சரஸ்வதி பூசை. இவர் வருகிற மாதம் பதவி உயர்வுக்காக ஆபீஸ் சோதனை எழுத வேண்டும். வழக்கமாக வைக்கும் நாலு புத்தகம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டிலிருந்த அத்தனையையும் — தடித்த டிக்ஷனரி, சட்டப் புத்தகங்கள், என் சமையல் கொப்பி உட்பட — சுவர்த் தட்டில் அடுக்கிப் பட்டுத்துணியால் மூடிவிட்டார்.

யுத்த காலத்தில் தேக்குக்கு எங்கே போவது? தட்டு வெறும் பெட்டிப் பலகை. மறுநாள் காலையிலேயே நடுவில் வயிறு இறங்கியிருந்தது. நேர் கீழே, கொக்கியில் தொங்கிய சேலை ஏணையில், என் ஐந்து மாதக் குழந்தை...

"இஞ்சருங்கோ, பாதியை இறக்கி வைப்பமே?"

"பூசையில வைச்சதைத் தொடுறதோ? நாளையிண்டைக்கு விஜயதசமிதானே. ரெண்டு நாள் பொறும்," என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் இறக்கி, இவர் சோதனையில் தவறிவிட்டால்? இறக்காமல், பலகை முறிந்துவிட்டால்?

கடைசியில் உலக்கையைக் கொண்டுவந்து பலகைக்கு முண்டு கொடுத்தேன். எட்டவில்லை. உரலை உருட்டி வந்து கவிழ்த்து அதன்மேல் நிறுத்தினேன். கையை எடுத்தால் சரிகிறது. எடுக்காமலே நின்றேன். அடுப்பில் சோறு தீய்ந்தது.

தீய்ந்த மணத்துக்கு எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டு ஹமீதா லாத்தா.

"என்னங்க, ஊட்டுக் கூரையே உங்கட கையிலயா நிக்கிது?"

நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பொஸ்தகத்தத் தொட ஏலா. சரி. புள்ளயத் தொட ஏலுந்தானே?"

அப்போதுதான் நான் ஏணையைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கட ஹோல்ல கொக்கி இரிக்கி. ஏணய அவுத்துட்டு வாங்க."

கவலை வந்தால் நம் கண் அதன்மேலேயே குத்திட்டு நின்றுவிடுகிறது. பக்கத்தில் அவிழ்க்கக் கூடிய முடிச்சு தெரிவதில்லை. இத்தனைக்கும் நான் சீனியர் வகுப்பு வரை படித்தவள்!

அந்த இரண்டு நாளும் குழந்தை லாத்தா வீட்டில்தான் தூங்கினான். விஜயதசமி அன்று இவர் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பக்கம் வாசித்து இறக்கினார். பிறகு பலகையைப் புரட்டிப் போட்டு, நடுவில் ஒரு மரக் கட்டையைச் சுவரோடு சேர்த்து அறைந்தார்.

"இனி நீர் ஏறி இருந்தாலும் அசையாது."

மூன்று தரம் தொங்கிப் பார்த்தேன். உண்மைதான், அசையவில்லை.

ஏணையை மட்டும் இன்னும் லாத்தா வீட்டிலிருந்து எடுத்து வரவில்லை.