மகள் தூங்கினால்தான் சோதனை

ஒன்பது மாதமாகியும் மகள் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை. நான் வாசல் படலையில் திரீவீலை நிறுத்தி ஹோர்ன் அடித்தால், பின்னால் அடுப்படியிருக்கும் குசினிப் பக்கம் பார்ப்பாள். காது கேட்கவில்லையோ என்று மனைவி பயந்தாள். “காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும். கூப்பிட்டாத் திரும்பாத திமிர் இவளுக்கு உம்மா உன்னட்ட இருந்து வந்தது” என்று நான் சிரித்தேன். பிறந்த அன்று வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும், இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் சொன்னவன் நான். பாங்கு தொடங்கியதுமே கண்ணைத் திறந்தாளே! ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

கற்பிட்டியிலிருந்து தொலைவிலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். ஒலி காதுக்குள் போனதும் மூளையில் சின்னதாய் ஒரு மின்சாரம் எழுமாம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகிற வயர்கள் அதைப் பிடித்துத் திரையில் அலையாகக் காட்டுமாம். சோதனை நேரத்தில் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் வழியில் தூங்க விடாதீர்கள் என்றார்கள்.

என் திரீவீலில் அது நடக்கிற காரியமா? எஞ்சின் உறுமினால் ஆலங்குடாக் கடற்கரைக்கு அதில் போகும் வெள்ளைக்காரர்களே தலை சாய்த்துவிடுவார்கள். மனைவி வழி நெடுக முகத்தில் ஊதி, பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டி, ஒருவழியாக விழித்த பிள்ளையைக் கொண்டு சேர்த்தாள்.

சோதனை செய்யும் பெண் மகளின் நெற்றியைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார். “இவ்வளவு எண்ணெயா? வயர் ஒட்டாதே.”

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாற புள்ளய எண்ணெ வெக்காமயா கொண்டு வாற? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?” என்றாள் மனைவி. உச்சி முதல் காது மடல் வரை தேங்காய் எண்ணெய் பளபளத்தது.

சோப்புப் போட்டுக் கழுவினார்கள். மகள் கட்டடமே அதிரக் கத்தினாள். வயர் முனைகளை ஒட்டிய பிறகும் தூக்கம் மட்டும் வரவில்லை. இன்றைக்கு விட்டால் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். இரண்டு மாதமா? எனக்கு உயிரே போய்விட்டது.

“மிஸ், பத்து நிமிசம் தாங்க” என்றேன். அவர் வயர்களை இயந்திரத்திலிருந்து கழற்றி, மகளின் தலையோடு சுருட்டிக் கட்டிவிட்டார். மனைவி அவளை மடியில் வைத்துக்கொள்ள, வாகனம் நிறுத்துமிடத்தைத் திரீவீலில் சுற்றினேன். காவலாளி விசிலை வாயில் வைத்தவர் ஊதாமலே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் சுற்றில் மகள் மரக்கட்டையாய்த் தூங்கினாள்.

வலது காதுக்கு ஒலி கொடுத்தார்கள். திரையில் வரிசையாக அலை எழுந்தது. ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று மனைவி என் கையைப் பிடித்தாள். பிறகு இடது காது. காற்றில்லாத நாளின் களப்புத் தண்ணீர் மாதிரிக் கோடு அப்படியே கிடந்தது. சத்தத்தைக் கூட்டியும் அசையவில்லை.

“எண்ணெ மிச்சம் இருக்குமோ, மிஸ்?” என்று கேட்டாள் மனைவி.

“இல்லம்மா, ரெண்டு தரம் பாத்தன். வலது காது நல்லாக் கேக்குது, பேச்சு வரும். இடது காதுலதான் ஒண்டும் கேக்கல்ல. ஒரு காதால கேக்கிற புள்ளைக்குச் சத்தம் எந்தப் பக்கம் எண்டு தெரியாது. வலப்பக்கம் நின்டு கதைங்க.”

நான் அடித்த ஹோர்னுக்கு அவள் ஏன் குசினியைப் பார்த்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. திமிர் என்று சிரித்த வாயை என்ன செய்வது? வெளியே வந்து சாவியைப் போட்டேன், திருப்ப மனம் வரவில்லை. மனைவி மடியிலிருந்து மகளை வாங்கி, வலது காதருகே குனிந்து இகாமத் சொன்னேன்.

“அதான் பொறந்த அண்டைக்கே சொன்னீங்களே?”

“இடது காதுல சொன்னன். இவளுக்குக் கேக்கல்ல.”

மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.