படையல் அறையில் பேட்டரி

என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கூடவே ஓர் ஆக்ஸிஜன் மிஷினையும் கொடுத்தார்கள். இரவும் பகலும் அது ஓட வேண்டும். அது நின்றால் அவளுக்கு மூச்சு இல்லை. அதன் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று தாதி திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கே அடுப்புக் கேஸ் தோம்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர், எல்லாம் கரண்டில் என்றானது.

காஜா பேராங்கில், செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியில் இருக்கும் எங்கள் வீடு அவளுடைய அப்பா கட்டியது. மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த சமயத்தில் கட்டியது என்பார்கள். பலகை வீடு, தகரக் கூரை. இடி இடித்தால் எங்கள் வரிசைக்குக் கரண்ட் போய்விடும். முன்பெல்லாம் மெழுகுவத்தியோடு போய்விடும் விஷயம் அது. மிஷின் வந்த பிறகு ஒவ்வொரு இடிக்கும் எழுந்து மிஷினிடம் ஓடினேன். நான் ஓட்டிப் பிழைத்த லோரியை விற்றுவிட்டு, கூரையில் சோலார் பலகைகளும் வீட்டுக்குள் பேட்டரியும் போட்டேன்.

பேட்டரியும் அதன் இன்வெர்ட்டரும் கனமானவை. பலகைச் சுவர் தாங்காது, செங்கல் சுவர்தான் வேண்டும் என்றார்கள் மாட்ட வந்தவர்கள். வீட்டில் இருந்த ஒரே செங்கல் சுவர் முன்கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேயே மாட்டினார்கள். அப்போது யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நானும்தான்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. ஆனால் அந்த இன்வெர்ட்டர் பெட்டியின் சின்னத் திரையில் ஓடும் எண்களைப் படிக்க அது போதும். வெயில் ஏறிய பிறகு துணி துவைப்பேன். உச்சி வெயிலில் சமைப்பேன். மேகம் கறுத்தால் விசிறியைக்கூட நிறுத்திவிட்டு மிஷினுக்கென்று மிச்சம் பிடிப்பேன். அவள் குழாயை மூக்கில் மாட்டியபடி படுத்துக்கொண்டு சிரிப்பாள். என்னைப் பார்ப்பதைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிகம் பார்க்கிறீர்கள், அதற்கே தாலி கட்டியிருக்கலாம் என்பாள். உள்ளே போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெட்டியில் எண்தான் இருந்தது. எண்ணைப் பார்ப்பது எளிதாக இருந்தது.

அவள், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிய செட்டிகளின் வீட்டுப் பெண். நான் தோட்டத்தில் பிறந்த தமிழன். அவர்கள் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். அதில் நம் சொற்கள் அங்கங்கே கிடக்கும். அவள் என்னிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டாள். அவளுடைய அக்காவுக்கு வந்த தமிழ்ச் சொற்களில் எனக்கென்று வைத்திருந்தது ‘மாப்ளே’ ஒன்றுதான். அந்த வீட்டில் எத்தனையோ வருடம் இருந்தும் நான் நாலு பேர் நடுவில் குரல் உயர்த்தியதில்லை. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் வெளியே போய் லோரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

போகியன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு வைப்பார்கள். செத்துப்போனவர்களுக்கு வைக்கும் படையல் அது. அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் அந்த வீட்டிலேயே, அன்றைக்கே சமைக்க வேண்டும். வேறு வீட்டில் ஆக்கி எடுத்து வரக்கூடாது. கூடத்தில் இலை போட்டுப் பரிமாறி, விளக்கும் சாம்பிராணியும் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. பிறகு வீட்டுக்குப் பெரியவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்.

அந்த வருடம் வேண்டாம், அக்கா வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பா கட்டின வீட்டை விட்டு அப்பா வேறெங்கே போய்ச் சாப்பிடுவார் என்று கேட்டுவிட்டாள் என் மனைவி. விளக்கு முன்கூடத்தில் இருக்கட்டும், அவளும் மிஷினும் கடைசி அறையில் இருக்கட்டும் என்று முடிவானது.

காலையிலேயே அக்காவும் சொந்தக்காரப் பெண்களும் ஆளுக்கொரு மின்சார அடுப்போடு வந்து இறங்கினார்கள். ஒன்றில் மீன், ஒன்றில் கோழி, ஒன்றில் மிளகாய்ச் சம்பால். பலகாரத்துக்கு ஓவன் வேறு. நான் திரைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. எங்கோ இடி விழுந்து தெருவுக்கே கரண்ட் போனது. எங்கள் வீட்டில் மட்டும் விளக்குகள் ஒரு கண் சிமிட்டிவிட்டு எரிந்தன. பெண்கள் சூரியனைப் புகழ்ந்தார்கள். சூரியன் எங்கே இருந்தது? இனி இருப்பது பேட்டரி மட்டும்தான், ஒவ்வொரு அடுப்பாகப் போடுங்கள் என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். என் குரல் அவருக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் இலை போட்டு, கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்கள். பேட்டரியில் இரவுக்குப் போதுமான அளவு மிச்சம் இருந்ததை அதற்குச் சற்றுமுன்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். காத்திருந்தவர்களுக்குக் காப்பி போட யாரோ தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். அதே சமயம் இன்னொருத்தி பிள்ளைக்கு நூடுல்ஸ் போட அடுப்பைத் தட்டினாள். ஓவனும் ஓடிக்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் சாத்திய கதவுக்குப் பின்னால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றது. வீடு இருண்டது. கடைசி அறையில் மிஷின் நீளமாக ஊளையிட்டது.

எங்கள் பெட்டி அப்படி நின்றால் தானாக எழாது. கையால் அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி போட வேண்டும். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் தீர்ந்துபோயிருந்தது. மறுநாள் கொண்டுவருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

நான் ஓடி அவளிடம் போனேன். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோளால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் எங்கே போகப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜாங்கான்,” என்றாள். வேண்டாம் என்று. ஒரு மூச்சு இழுத்து, “அப்பா சாப்பிடுறாரு,” என்றாள் தமிழில்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதில் பலமே இல்லை. அது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

கூடத்துக் கதவில் முதுகைக் கொடுத்து அக்கா நின்றார். இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கொள்ள முடியாதா என்றார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். தங்கச்சியின் மூச்சும் அப்பாவின் சாப்பாடும் அவர் முதுகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. அவர் தலைக்கு மேலே கையை நீட்டிக் கதவைத் தட்டினேன். அது என் கை தட்ட வேண்டிய தட்டல் இல்லை. பதிலுக்கு நிற்காமல் அவரையும் சேர்த்துத் தள்ளித் திறந்தேன்.

உள்ளே விளக்கு ஆடாமல் எரிந்தது. சாம்பிராணிப் புகையில் இலைகள் வரிசையாகக் கிடந்தன. பெட்டிக்குப் போக இலைகளுக்கு நடுவில்தான் வழி.

“கொஞ்சம் வழி விடுங்க,” என்றேன். உயிரோடு இருப்பவர்களிடம் அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்லிக் கத்தினேன். பெட்டியை அணைத்தேன், பொறுத்தேன், போட்டேன். திரை வெளிச்சம் வந்தும் அது தன்னைத் தானே சோதித்துக்கொண்டு நின்றது. அந்த நேரமெல்லாம் நான் மாமனாரின் இலைப் பக்கத்தில், கால் வைக்க இடமில்லாமல், ஒற்றைக் காலில் நின்றேன். பின்னால் மிஷின் மூச்சுவிடத் தொடங்கிய சத்தம் கேட்டதும்தான் இன்னொரு காலை எங்கே வைத்தேன் என்று பார்த்தேன். ஓர் இலையின் நுனி கிழிந்திருந்தது.

அவள் உதட்டுக்கு நிறம் திரும்ப நேரமானது. படையல் சோற்றை எல்லோரும் சாப்பிட்டார்கள். மாப்ளே அப்பாவைப் பாதிப் பந்தியில் எழுப்பிவிட்டார் என்று அக்கா ஒருமுறை சொன்னார். பிறகு தானே எழுந்து வந்து என் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

மறுநாள் காலையில் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“அடுத்த வருஷம் நான் அந்தப் பக்கம் உக்காந்திருப்பேன். என்னையும் இப்படித்தான் பாதியில எழுப்புவீங்களா?”

வாருவதை நிறுத்தாமல் இருக்க முயன்றேன்.

பெட்டியை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி, மாட்டியவர்களிடம் கேட்டேன். வேறு செங்கல் சுவர் இல்லை என்றார்கள். பெட்டியைக் கூடத்திலிருந்து எடுத்து மாட்ட, அவளுக்கென்று ஒரு செங்கல் சுவர் கட்டத் தொடங்கினேன். பாதி எழும்பியபோது அவள் போய்விட்டாள். அன்று நல்ல வெயில். பேட்டரி நிறைந்திருந்தது. மிஷின் நிற்கவே இல்லை. நான்தான் கடைசியில் அதை நிறுத்தினேன்.

அடுத்த போகிக்கு அவளுக்கும் ஓர் இலை. புளி போட்ட மீனும், அவளுக்குப் பிடித்த கத்தரிக்காயும் நானே வைத்தேன். அக்கா கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய புருஷன் நீங்கள்தானே, இந்தத் தடவை நீங்களே தட்டுங்கள் என்று எனக்கு இடம் விட்டு நின்றார். காத்திருந்தோம். சாம்பிராணி வாசம் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கினார்கள். போதும், தட்டுங்கள் என்றார் அக்கா.

கையைத் தூக்கினேன். கதவுக்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டரின் மெல்லிய இரைச்சல் கேட்டது. சாப்பிடட்டும் என்று சொல்லிக் கையை இறக்கிக்கொண்டேன்.