பெரியப்பாவின் மூக்கு

அந்தக் குடியிருப்பில் பால் திரிந்ததா, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதா, நேற்றைய பருப்பை இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும், பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இரண்டாவது மாடிக்குத்தான் ஏறுவார்கள். அங்கே பெரியப்பா இருந்தார். மூடியைத் திறப்பார், கண்ணை மூடுவார், ஒரே ஒரு மூச்சு இழுப்பார். "சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்பார். அல்லது, "இது இனிமே மண்ணுக்குத்தான்" என்பார். அதற்குமேல் பேச்சே கிடையாது. அவர் மூக்கு பிசகியதாக ஒருவரும் சொன்னதில்லை.

உண்மையில் அவர் ஒரே ஒருத்திக்குத்தான் பெரியப்பா. தம்பி மகளுக்கு. அவள் பேசப் பழகியதிலிருந்து தம்பி மனைவியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, அந்தப் பெயர் படியிறங்கித் தெருவுக்கும் போய்விட்டது. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் கூச்சப்படாமல் "என்னப்பா?" என்று கேட்டார்.

முன்பு அவர் ஒரு கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணப் பேச்சு வரும், போகும். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது. கிடங்கை மூடியபோது, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தார். வேலை கிடைக்கவில்லை. தம்பி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தம்பி மனைவிக்கு ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. இரண்டு பேரும் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள். அந்த வீட்டில் அப்போது சமையல் என்று ஒன்று நடந்ததாகச் சொல்ல முடியாது. கடையிலிருந்து டப்பாவில் வந்ததைத் தின்றுவிட்டு, டப்பாக்களை மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். வந்த மறுநாளே கரண்டியைக் கையில் எடுத்தார். கைப்பக்குவமெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் இருந்தது கூச்சம் மட்டும்தான்.

எடுத்த கரண்டியை அவர் கீழே வைக்கவில்லை. போகப்போக அந்தச் சமையலறைக்கென்று ஒரு சட்டமே உண்டாகிவிட்டது. காய் கழுவிய தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்கு. தோலும் காம்பும் முதலில் கொதித்துச் சூப்பாக வேண்டும், சக்கைதான் உரத்தொட்டிக்கு. கடைக்குப் போனால் துணிப்பையும் தூக்குச்சட்டியும் கூடவே போகும். கடைக்காரன் பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் பையை உதறி எடுத்தால், "அதை நீயே வச்சுக்கப்பா, உனக்கு ஆகும்" என்பார். ஃப்ரிட்ஜ் ஒரு கோடையில் உயிரை விட்டது. பெரியப்பா அதைப் பழுது பார்க்க விடவில்லை. அது சோம்பேறிகளின் பெட்டியாம். கெட்டதா நல்லதா என்று பார்க்கச் சோம்பல்பட்டுக் குளிரில் தள்ளிவிட்டு மறந்துபோகிறார்களாம். செத்த ஃப்ரிட்ஜ் வெங்காயம் வைக்கிற அலமாரி ஆனது. ஈர மணல் நிரப்பிய தொட்டிக்குள் ஒரு மண்பானையைப் புதைத்து, மேலே ஈரத்துணி போட்டு, மீந்ததை அதற்குள் வைத்தார். மறுநாள் காலையில் மூடியைத் திறந்து மூக்கைக் காட்டுவார். மற்ற வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி செய்கிற வேலையை இந்த வீட்டில் ஒரு மனுஷனின் மூக்கு செய்தது.

சாப்பாட்டு மேசையில் சட்டம் இன்னும் கறார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. தம்பி மகள் சின்ன வயதில் அழுது அடம்பிடித்துப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. கல்லூரிக்குப் போக ஆரம்பித்தபின்னும் அவளுடைய சாப்பாட்டு டப்பா கழுவிவைத்ததுபோலத்தான் திரும்பி வரும். அதைத் திறந்து பார்ப்பதில் பெரியப்பாவுக்கு ஒரு தனி நிறைவு. அதைப் பெருமை என்றே சொல்லலாம், தப்பில்லை.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்துபோன காய்ச்சல்தான். மற்றவர்களுக்கு வந்த வழியே போயிற்று. இவருக்குப் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அது முதலில் அவருக்கே தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள்.

"பெரியப்பா! பால் தீயுது, வீடே நாறுது! என்ன யோசனையில நிக்கிறீங்க?"

திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. "ஏதோ ஞாபகத்துல விட்டுட்டேம்மா" என்றார். அவள் போனதும் ஒரு வெங்காயத்தை வெட்டி மூக்கருகே வைத்தார். கண் எரிந்தது; வாசம் இல்லை. மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். சோப்பை எடுத்தார். கடைசியில் மொட்டைமாடிக்குப் போய் உரத்தொட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே தலையை விட்டு இழுத்தார். ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் தலையை வாங்கப் போகிறார்கள்? ஆனால் பெரியப்பாவின் கணக்கு வேறு. ஆக்கிப்போடுகிற வரைக்கும்தான் அவர் அந்த வீட்டுக்குப் பெரியப்பா. கரண்டி போய்விட்டால், தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டு சோறு தின்கிற வேலைவெட்டி இல்லாத ஒரு ஆள். இத்தனை வருஷமாக யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்தான் கண்ணாடி முன் நின்று முகம் கழுவும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவர் வாயைத் திறப்பாரா?

ஆகவே நடிப்பு ஆரம்பமாயிற்று. கீழ்வீட்டுத் தையல்காரி ஒரு புட்டி எண்ணெயோடு வந்தாள். பெரியப்பா வழக்கம்போலக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பிறகு ஒரு கண்ணை லேசாகத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உதடு சுளித்திருந்தது.

"போயிருச்சும்மா" என்றார்.

"நானும் அதான் நெனச்சேன். உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் போன பிறகு அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் வித்தை பலித்துவிட்டதே! அதன்பின் எல்லாருடைய முகத்தையும் படித்தார். வீட்டில் காரியம் கொஞ்சம் கஷ்டம்தான். அங்கே பாத்திரம் திறக்கும்போது படிப்பதற்கு எதிரே முகம் எதுவும் இல்லை. நிறத்தைப் பார்த்தார், நுரைக்கிறதா என்று பார்த்தார், நாக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். உப்பும் புளிப்பும் மட்டும் நாக்குக்கு மிச்சம் இருந்தன. அதை வைத்துக்கொண்டு சமாளித்தார்.

ஒரு நாள் பூசணிக்காயில் தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைத்தார். தம்பிக்கு அன்று பணிமனையில் கூடுதல் வேலை; சாப்பிட வரவில்லை. ஒருத்தருக்கு ஆகிற அளவு மீந்தது. பானைக்குள் வைத்தார். இரவெல்லாம் புழுக்கம். தேங்காய்ப்பால் ஊற்றியது சீக்கிரம் போய்விடும் என்று அவருக்குத் தெரியாததல்ல. காலையில் ஒரு சொட்டு நாக்கில் விட்டார். புளிப்புத் தட்டியது. தக்காளி போட்டோமே, அந்தப் புளிப்புத்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கொட்ட மனம் வரவில்லை. நன்றாகக் கொதிக்கவிட்டுச் சோற்றின்மேல் ஊற்றி, தம்பி மகளின் டப்பாவில் அடைத்தார்.

சாயங்காலம் அவளை இரண்டு தோழிகள் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாந்தி நிற்கவில்லை. மருத்துவமனையில் படுக்கவைத்துச் சலைன் ஏற்றினார்கள். ஒரு கட்டத்தில் அவள் கண் மேலே சொருகியபோது தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரியப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகக் கால் வரவில்லை.

"என்ன சாப்பிட்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்றாள் தம்பி மனைவி. "இவ பெரியப்பா செஞ்சது. அதுல ஒரு குறை இருக்காது. காலேஜ் வாசல்ல ஒரு தள்ளுவண்டி நிக்குது, அங்க எதையோ வாங்கித் தின்னுருப்பா."

வராந்தாவில் நின்ற பெரியப்பாவின் காதில் அது விழுந்தது. அவர் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பெண் பிழைத்து வீடு வந்தாள். உடம்பு தேறத் தேற, அம்மாவின் வாயும் தேறியது. மகள் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது பொத்திவைத்த கோபமெல்லாம் வெளியே வந்தது. கண்ட இடத்தில் கண்டதைத் தின்றால் இப்படித்தான் ஆகும். வீட்டில் ஒரு மனுஷன் மாங்கு மாங்கென்று சமைத்துப் போடுகிறாரே, அவர் முகத்தையாவது நினைத்தாயா? அடுத்த மாதம் வகுப்பில் எல்லாரும் போகிற சுற்றுலாவுக்கு நீ போக வேண்டாம். அங்கேயும் போய் நாக்கை நீட்டுவாய்.

"நான் எதுவும் வாங்கித் திங்கலம்மா" என்று ஒரு முறை சொன்னாள் மகள். பிறகு சமையலறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற பெரியப்பாவைப் பார்த்தாள். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. வசவை முழுவதும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பார்வை பெரியப்பாவைத் தூங்கவிடவில்லை. மறுநாள், தம்பியும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு, கஞ்சியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தள்ளுவண்டியில நீ ஒண்ணும் சாப்பிடலதானே?"

அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "இல்ல பெரியப்பா."

"குழம்புதான் கெட்டிருந்துதா?"

"ம்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"டப்பாவைத் திறந்தப்பவே. பக்கத்துல உக்காந்திருந்தவகூட மூக்கைப் பொத்திக்கிட்டா."

"அப்புறம் ஏம்மா சாப்பிட்ட? கொட்டியிருக்கக் கூடாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை அல்ல. இதையெல்லாமா கேட்பீர்கள் என்கிற பார்வை. "கொட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? டப்பாவைத் திறந்து பாப்பீங்கல்ல. அதுவும் போக, நீங்க மோந்து பாக்காமலா குடுத்திருப்பீங்க? எனக்குத்தான் ஏதோ தப்பா தோணுதுன்னு நெனச்சுக் கண்ணை மூடிட்டு முழுங்கிட்டேன்."

பெரியப்பா அங்கேயே அழுதுவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். பெண் பயந்துபோய்க் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, நான் அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன் பெரியப்பா" என்றாள். அவள் சமாதானம் செய்யச் செய்ய அவருக்கு அழுகை கூடியது.

அன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், பரிமாறாமல் நின்றபடியே சொல்லிவிட்டார். மூக்குப் போய்விட்டது, காய்ச்சலோடு போனது, மறைத்துவிட்டேன், அவளுக்கு அந்தக் குழம்பைக் கொடுத்தது நான்தான், அவளைத் திட்டாதீர்கள்.

தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைச் சொல்றதுக்கு என்னண்ணே? நாங்க என்ன வேத்து ஆளா?" என்றான். தம்பி மனைவி எழுந்து போய் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க பெரியப்பா. உங்க சமையல் உங்களோடதுதான். ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டுட்டா ஆச்சு."

அவ்வளவுதான். கரண்டியை யாரும் பிடுங்கவில்லை. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ, அது நடக்கவே இல்லை. புது ஃப்ரிட்ஜ் வந்து சமையலறை மூலையில் முனகிக்கொண்டு நின்றது. வெங்காயம் கூடைக்கு இடம் மாறியது. மகள் சுற்றுலாவுக்குப் போய்விட்டு வந்தாள். சேதி எப்படியோ படியிறங்கித் தெருவுக்கும் போயிற்று. இரண்டாவது மாடிக்கு யாரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை. தையல்காரி மட்டும் படிக்கட்டில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா பெரியப்பா?" என்று முன்பைவிட அன்பாக விசாரித்தாள். அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டில் எல்லாரும் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். தம்பி மட்டும் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது வழியில் ஒரு நொடி நிறுத்தினான். தம்பி மனைவி தட்டில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து நிமிர்ந்தாள். பெரியப்பா முகம் படிக்கப் பழகியவர் அல்லவா? அவருக்கு எல்லாம் தெரிந்தது. மகளை மட்டும் அவர் பார்ப்பதில்லை. பார்க்கத் தைரியமில்லை.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று விடியலிலேயே எழுந்து, சந்தையிலிருந்து வந்த காயை அப்போதே நறுக்கி, அப்போதே சமைத்து, ஆவி பறக்க டப்பாவில் அடைத்துக் கூடத்து மேசையில் வைத்தார். கரண்டியைக் கழுவத் திரும்பினார். குழாயடியில் சாய்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் கூடம் மங்கலாகத் தெரிந்தது. மகள் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். டப்பாவைச் சத்தமில்லாமல் திறந்தாள். முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"போயிட்டு வரேன் பெரியப்பா!" குரலில் ஒரு குறையும் இல்லை.

"பாத்துப் போம்மா" என்றார், திரும்பாமல்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடுப்பின்மேல் மிச்சக் குழம்பு இன்னும் சூடாக இருந்தது. பெரியப்பா அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். சற்றுமுன் சமைத்ததுதான். கெட்டிருக்க வழியே இல்லை. ஆனால் அதை அவர் சொன்னால் இனி யார் நம்புவார்கள்? உரத்தொட்டியின் மூடியைத் திறந்து அத்தனையையும் கொட்டினார். பாத்திரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டார்.